எந்தப் பெட்டி என்று கேட்டார்கள்

இன்று காலை வண்ணார்பேட்டைக் கடையில் புதுக் கணினி ஒன்றை என் முன்னால் பிரித்தார்கள். அட்டையையும் தெர்மாகோலையும் நீக்கியதும் புது சர்க்யூட் பலகையின் காரமான வாசனை மேலே வந்தது. "அண்ணாச்சி, கிராஃபிக்ஸ் கார்டு இருக்கதுலயே பெருசாப் போட்டுருவோமா?" என்று கடைக்காரர் கேட்டார். நான் வெளியே வந்து பைக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடம் தள்ளிப்போட்ட இந்தக் கடிதத்தை உனக்கு அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை மாடி அறையில் நாம் இருவரும் எந்திர வரைபடங்களுக்கான டிசைன் ஆபீஸ் திறந்த புதிதில், முக்கியமான வேலைகளுக்கென்று ஒரு கணினி வாங்கப் போனோம். கடைக்குள்ளேயே சண்டை போட்டோம். நானும் அந்தப் பெரிய கார்டைத்தான் கேட்டேன். "விளையாடவா போறோம்? வரையத்தானவே வாங்குதோம்," என்றாய். "பிராசசர்ல இருவது கோர் இருந்து என்ன செய்ய? ஒரு பாகத்த வரையும்போது ஒரு கோர்தான் ஓடுது, மத்ததெல்லாம் வேடிக்க பாக்குது. அந்த ஒண்ணு வேகமா ஓடட்டும்." நம் மென்பொருளோடு ஒத்துப்போகும் நடுத்தரக் கார்டு போதும் என்றாய். நினைவகம் மட்டும், தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் வகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். "நம்ம நம்பர் ஒண்ணு மாறுனா, அங்கன நிக்கவன் சாவான்வே."

கடைசியாக இரண்டு ஹார்டு டிஸ்க் போடச் சொன்னாய். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். எதற்கு இரண்டு என்று கேட்டேன். நீ கடைக்காரரிடம் அதையும் பில்லில் ஏற்றச் சொல்லிவிட்டாய்.

கங்கைகொண்டான் பக்கம் பட்டறை வைத்திருந்த அந்த முதலாளிக்கு, அரிசி ஆலைக்கான நீராவிக் கலன் ஒன்றை நீ வரைந்து கொடுத்தாய். தகட்டின் கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர். அவன் எட்டு மில்லிமீட்டர் தகட்டில் செய்தான். ஓட விட்ட முதல் வாரத்திலேயே கலன் வெடித்தது. நாங்குநேரிக்காரர்கள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும், அதன் பக்கத்தில் நின்றிருந்தார்கள். இருவரும் செத்தார்கள். அண்ணனின் உடம்பைச் சாக்கில் அள்ளித்தான் கொடுத்தார்கள். நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

முதலாளி போன் செய்தான். "ஒரே ஒரு நம்பர். அதத்தான மாத்தச் சொல்லுதேன்? மொதல்லயே எட்டுன்னுதான் வரைஞ்சேன்னு சொல்லிரு."

"மாத்த மாட்டேன். நீயும் பேசாம வந்து போலீஸ்ல உண்மையச் சொல்லிரு," என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய்.

அவன் எட்டு மில்லிமீட்டர் என்று போலியாக ஒரு வரைபடம் அடித்து வைத்திருந்தான். உண்மையானது, எந்தத் தேதியில் எதைத் திருத்தினாய் என்ற விவரத்தோடு, நம் கணினிப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. திங்கட்கிழமை அதை போலீஸில் ஒப்படைப்பதாக இருந்தோம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நீ வந்து உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நாலு பேர் உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டார்கள். கையில் இரும்புக் கம்பி. முதல் அறை எனக்கு விழுந்தது; உதடு லேசாகக் கிழிந்தது, அவ்வளவுதான். மேசைகளின் கீழே ஒரே மாதிரி மூன்று பெட்டிகள்.

"அந்த டிராயிங் இருக்க பெட்டி எதுலே?" என்று ஒருவன் கேட்டான்.

"இங்கன ஒண்ணும் இல்ல. வெளிய போங்க," என்றாய். உன் தோளில் கம்பி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ விழவில்லை. "இல்லைன்னா இல்லதான்," என்றாய் மறுபடியும்.

அவன் என் பக்கம் திரும்பிக் கம்பி நுனியை என் தொண்டையில் வைத்து அழுத்தினான். மூச்சு நின்றது. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

நீ அதைப் பார்த்தாய். என் விரலைப் பார்த்தாய், பிறகு என் முகத்தை. ஒரு நொடி கூட இருக்காது. அப்படியே பாய்ந்து அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்தாய். முதுகில் அடித்தார்கள். காலைப் பிடித்து இழுத்தார்கள். நீ விடவில்லை. ஒருவன் பக்கவாட்டில் குத்தியதில் பெட்டியின் தகடு கிழிந்தது. இன்னொருவன் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கினான். நான் சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கீழ்க்கடைக்காரர்கள் கதவை இடித்த பிறகுதான் அவர்கள் பின்பக்கமாக ஓடினார்கள். பெட்டியிலிருந்து உன் கைகளைப் பிரிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாய்.

ஒரு டிஸ்க் நொறுங்கியிருந்தது. உன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது பிழைத்தது. அதிலிருந்து பன்னிரண்டு என்ற எண்ணை எடுத்துக் கோர்ட்டில் காட்டினார்கள். வழக்கு வருடக் கணக்காக இழுத்து, போன மாதம்தான் முடிந்தது. முதலாளியும் அந்த நால்வரும் இப்போது ஜெயிலில் இருக்கிறார்கள். அந்த அண்ணன் தம்பியின் அம்மா கோர்ட்டு வாசலில் என் கையைப் பிடித்து அழுதாள். பயப்படாமல் சாட்சி சொன்னவன் என்று எனக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "மூன்று பெட்டி இருக்கும்போது, இதுதான் என்று வந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" தெரியாது என்றேன். கூண்டில் நின்று பொய் சொன்னேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் மேலப்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். விரலை நீட்டியதைச் சொன்னேன். நீ பார்த்ததையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஆஸ்பத்திரில ஒரு தடவ கண்ணு முழிச்சாக," என்றாள். "உங்களப் பத்தித்தான் கேட்டாக. 'அவனுக்கு அடி ஒண்ணும் படலயே'ன்னு. வேற எதுவும் பேசல."

பிறகு எழுந்து கதவருகே போய் நின்றாள். "உண்மையச் சொல்லிட்டிய. சரி. இனிமே இந்த வீட்டுக்கு வராதிய அண்ணே."

தெரு முனை வரை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஆபீஸ் நாற்காலியிலும், பைக் ஓட்டும்போதும், ஆற்றுப் பாலத்தின் மேலும், நீ அவளிடம் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். அவள் அன்று உனக்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. நான் சொல்ல வேண்டிய பதிலை இன்றுதான் சொல்கிறேன்.

இல்லவே. எனக்கு அடி ஒண்ணும் படல.