தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

இன்று மத்தியானம், லவால் நகரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காறிப்போன தேங்காயெண்ணெய் மணந்தது. சமையலறையிலிருந்து அல்ல. உன் கைத்துப்பாக்கியிலிருந்து.

நீ செத்துப்போய் இப்போது பனியும் விழுந்துவிட்டது. "இதைப் பொலிசிட்டக் குடுக்கவேணும், ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்று உன் மனைவி கூப்பிட்டாள். உன்னோடு கதைக்காமல் விட்டவன் நான், வர மனமில்லை. வந்தேன். உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்க்க மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தால் அது அசையவில்லை. வெளியே கொண்டுபோகப் பயந்து, நீ சுடப் பழகிய கிளப்பில் துவக்குத் திருத்தும் பிரெஞ்சுக்காரனை வீட்டுக்கே வரச் சொன்னோம்.

உன் தெப்பனர் கடைக்குள் முகமூடிக்காரர் இருவர் புகுந்து உன்னை நிலத்தில் குப்புறப் படுக்கவைத்த அந்தக் கோடையில்தான் இதை வாங்கினாய். இந்த நாட்டில் தற்காப்புக்கென்று கேட்டால் தரமாட்டார்கள். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு என்று சொல்லி வாங்கினாய்.

கிளப்பில் முதல் நாளே சிக்கியது. ஒரு வெடி, சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே பறக்காமல் இடையில் நிமிர்ந்து நின்றது. அடுத்த ரவை ஏறவில்லை. நான் வாங்கிச் சுட்டேன். எனக்கும் அதே.

"இதை நம்பாதை மச்சான், திருத்தக் குடு" என்றேன்.

நீ எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய்: "துவக்கில பிழையில்லை. இவன்ர மணிக்கட்டுத்தான் தொளதொளப்பு. பேனை பிடிச்ச கையெல்லே."

சின்னத் துவக்குகளில் அப்படியும் நடக்கும். பிடி தளர்ந்தால் கோது சிக்கும். அதனால் எல்லாரும் நம்பிச் சிரித்தார்கள். உன் கையிலும் சிக்கியதை ஒருவரும் கேட்கவில்லை. பொறியியல் படித்துவிட்டு வேறு யாரோ வரைந்த படங்களில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்தச் சிரிப்பு எங்கே தைக்கும் என்று உனக்குத் தெரியும். அடுத்த முறை போனபோது, "வாங்கோ மணிக்கட்டர்" என்றான் ஒருவன். பேந்து நான் போகவில்லை. உன் அழைப்புகளையும் எடுக்கவில்லை.

இன்று உன் மேசையில் பிரெஞ்சுக்காரன் அதை மெல்ல மெல்லத் தளர்த்தித் திறந்தான். உள்ளே மஞ்சள் பசை இறுகிக் கிடந்தது.

"வெண்ணெயா?" என்று கேட்டான்.

"தேங்காயெண்ணெய்" என்றாள் உன் மனைவி. "கதவுக்கும் அதுதான், தையல் மெசினுக்கும் அதுதான், அவற்ற தலைக்கும் அதுதான்."

ஒவ்வொரு மாரியிலும் உறைந்த போத்தலை ஹீட்டர்மேல் வைத்து உருக்கியவன் நீ. அந்த எண்ணெய் இந்தக் குளிரில் என்ன ஆகும் என்று உனக்கா தெரியாது? திருத்தக் குடு என்று நான் சொன்னேன்தானே என்று வாயெடுத்தேன்.

அதற்குள் பிரெஞ்சுக்காரன் உள்ளேயிருந்து ஒரு ரவையை எடுத்து மேசையில் வைத்தான். கட்டிலோரத்து அலுமாரிக்குள், சட்டத்துக்கு மாறாக, ஏற்றியே வைத்திருந்திருக்கிறாய். இந்தப் பசையோடு முதல் வெடியே வெடித்திராது என்றான் அவன்.

உன் மனைவி அந்த ரவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடையில அப்பிடி நடந்தாப் பிறகு மனுசனுக்கு நித்திரையே இல்லை அண்ணை. இது வந்தாப் பிறகுதான் கண் மூடினவர்."

அது சிக்கும் என்று ஒப்புக்கொண்டால் நீ எப்படிப் படுத்திருப்பாய்? அதனால் என் கையில் குற்றம் சொன்னாய். பயமாயிருக்கு மச்சான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நானே கொண்டுபோய்த் திருத்தித் தந்திருப்பேன்.

இவ்வளவு விளங்கியபின் கோபம் அடங்கவேண்டும். அடங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் எழும்புவதும் இருப்பதுமாக இருக்கிறேன். நாளைக்குப் பொலிசு வந்து துவக்கை எடுத்துப் போகும். உன்மேல் நான் வைத்திருப்பதை எடுத்துப்போக ஒருவரும் வரப்போவதில்லை.