சுவரைப் பார்த்திருந்த ஒரு மாதம்

என் அருமை அண்ணாவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் பலருக்கு இந்தக் கதை பாதி தெரியும். மீதியையும் அவர்கள் படிக்கட்டும்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆங்கில ஆவணப்படங்களுக்குத் தமிழில் பேச்சு எழுதிக் கொடுப்பது. புலி, கடல், எரிமலை, எது வந்தாலும் எழுதுவேன். அந்த வருஷம் மூளையைப் பற்றி ஒரு தொடர் வந்தது. அதில் பக்கவாதம் வந்த ஒருவர், தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். இடது பாதி அப்படியே இருக்கும். கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்குத் தெரியவில்லை. அதை எழுதியவள் நான். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதென்று உனக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். நீ வேனைக் கழுவிக்கொண்டே கேட்டாய்.

இரண்டு மாதம் கழித்து உனக்கே வந்தது. முசரவாக்கத்தில் கம்பெனி ஆட்களை ஏற்ற வண்டியை நிறுத்தியிருந்தாய். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வண்டி ஓட்டத்தில் இல்லாதது எல்லாருக்கும் நல்லதாயிற்று.

அன்று அண்ணி வீட்டில் இல்லை. வாலாஜாபாத்தில் அவர் தம்பி புதுவீடு புகுந்ததற்குப் போகக்கூடாது என்று நீ சொல்லியும் போயிருந்தார். கிளம்பும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. செய்தி கேட்டதும் கட்டிய புடவையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அங்கே இருந்த பத்து நாளும் நீ பெரும்பாலும் மயக்கத்தில் கிடந்தாய்.

வீட்டுக்கு வந்தபோது பேச்சு தெளிவாகிவிட்டது. கட்டிலுக்கு வலப்பக்கம் சுவர். வாசல், சமையலறை, அண்ணி உட்காரும் ஸ்டூல் எல்லாம் இடப்பக்கம். நீ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அண்ணி கூப்பிட்டால் சுவரைப் பார்த்து, யாரு என்றாய். நாலு இட்லி வைத்தால் இரண்டைத் தின்றுவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டாய்.

பார்க்க வந்தவர்கள், பெண்டாட்டி மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒருநாள் அண்ணி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

"ஒரு மாசமா சொவத்தையே பாத்துக்கினு இருக்கறாரு கோமதி. என் மூஞ்ச பாக்கவே புடிக்கல போல. நான் போனது தப்புதாம்மா, அதுக்கு இத்தினி நாளா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சின்ன வயதிலிருந்தே நீ பிடிவாதக்காரன், தானாகச் சரியாகிவிடும் என்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் உன் நிலைமை ஒரு வரியில் இருந்ததைப் பின்னால்தான் பார்த்தேன். வீட்டில் அந்த ஆங்கிலத்தைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். காகிதம் ஃப்ரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் கவரில் கிடந்தது. அன்றுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுவாரம் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த மூளைத் தொடரில் ஒரு வாக்கியம் காட்சியைவிட நீளமாக இருக்கிறது, சுருக்கித் தரவேண்டும் என்றார்கள். காட்சியைத் திறந்தேன். ஒரு பெண் தட்டைத் திருப்பி வைக்கிறாள். அந்த மனிதர் மீதியைச் சாப்பிடுகிறார். மூன்று முறை பார்த்தேன். அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன்.

நீ பாதி சாப்பிட்டிருந்தாய். தட்டைத் திருப்பி வைத்தேன். இந்த இட்லி எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கட்டிலை அறை நடுவில் இழுத்துப் போட்டோம். அண்ணியின் ஸ்டூலை வலப்பக்கம் வைத்து அவரை உட்காரச் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"எப்ப வந்த மேகலா?"

"ஒரு மாசமா இங்கதானேங்க இருக்கறேன்."

"யாருமே சொல்லலியே. கோவத்துல அங்கயே இருந்துட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அந்த ஒரு மாதம் அண்ணியின் குரல் உனக்குக் கேட்டிருக்குமே, அதை என்னவென்று நினைத்தாய்? கனவென்றா? உன்னிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண், இடப்பக்கத்தை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்றாள். அண்ணி வாரத்துக்கு ஒரு சாண் ஸ்டூலை நகர்த்தினார். உன் முகமும் கூடவே வந்தது. கால்மாட்டுக்கு நேராக அவர் வந்து சேர்ந்திருந்தபோது உனக்குப் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. அதிலிருந்து நீ எழவில்லை.

இப்போது நான் எழுதுவதை முதலில் கேட்பது அண்ணிதான். போன மாதம் மூளையைப் பற்றி இன்னொரு படம் வந்தது. அதிலும் உன்னைப்போல் ஒருவர். இந்த நிலைக்கு டாக்டர்கள் சொல்லும் ஆங்கிலச் சொல்லை, முந்தைய படத்தில் எழுதியதுபோலவே 'புறக்கணிப்பு' என்று எழுதியிருந்தேன். அண்ணி நிறுத்தச் சொன்னார்.

"பொறக்கணிக்கறதுன்னா வேணும்னே பண்றதும்மா. அவரு வேணும்னா பண்ணாரு?"

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன். நான் மாற்றும்வரை எழுந்து போகமாட்டேன் என்பதுபோல் அவர் உட்கார்ந்திருந்தார். 'இடப்பக்கம் எட்டாமை' என்று மாற்றினேன். ஸ்டுடியோவில் இரண்டு முறை போனில் வாதாடிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

மாகறலில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, மனைவியிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறாராம். அண்ணியின் காதுக்குச் செய்தி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். உனக்கு வந்ததுதான் அவருக்குமா என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே கோபமாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களுடைய ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வருவேன், அண்ணா.

உனக்கு அடுத்துப் பிறந்த தங்கை,
கோமதி