கன்னிமூலை மச்சு

எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்ட என் வீட்டுக்காரருக்கு,

ஏனுங்க, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் பயத்தைச் சொல்ல எனக்கு எப்போதும் நீங்கள் ஒருத்தர்தான். அதனால் போன பிறகும் உங்களையே தொந்தரவு செய்கிறேன்.

மாடி ரூம் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. நீங்கள் பென்சிலால் வார்த்தைகள் எழுதி வைத்தீர்களே, அந்தச் சுவர்தான். மேலே இருக்கிற தண்ணீர் டேங்குக்கு நேர் கீழே. ஆடியில் தலைமுடி மாதிரி இருந்தது, இப்போது என் நகம் உள்ளே போகிறது. போத்தனூர் ஜங்ஷனுக்குள் கூட்ஸ் வண்டி நுழையும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது. நான் கீழே அடுப்படியில் நின்றுகொண்டு, வண்டி போய் முடிகிறவரை மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

அங்கேதான் ரேவதி இருக்கிறாள். உங்கள் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை வீட்டிலிருந்தே. நீங்கள் போன பத்தாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியவள் இறங்கவில்லை. கீழே வந்து படு கண்ணு என்றால், "அப்பா வாசம் இங்கதானுங்கம்மா இருக்குது" என்கிறாள்.

மில்லில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆன மனுசனுக்கு, ஒரு மாடி ரூமுக்கு எத்தனை பெயர்கள் என்று தேடுவதுதான் வேலையா என்று உங்களைக் கேலி செய்திருக்கிறேன். மச்சு என்று எழுதி, அது மஞ்சத்திலிருந்து வந்ததோ என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டீர்கள். கிணத்துக்கடவில் எங்கள் அப்பா மெத்தை என்பார் என்றேன், அதையும் எழுதினீர்கள். உங்களோடு வேலை பார்த்த நாயுடுகாரு அவர் வீட்டுத் தெலுங்கில் மித்தெ என்று சொன்னதும், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளையாக இருக்கும் என்று குதித்தீர்கள். நாம் சாமான் போட்டு வைக்கும் அட்டாலிகூட ஒரு காலத்தில் அட்டாலையாம், கோட்டை மதில்மேல் காவல்காரன் நிற்கிற இடமாம். பரண் என்பது காட்டில் பன்றி வராமல் காவல் இருக்கிற இடம்.

"பயந்தவன்தான் அம்மணி மேல ஏறி உக்காந்திருக்கறான். ஒவ்வொரு வார்த்தைக்குள்ளயும் ஒரு காவக்காரன் இருக்கறான் பாரு" என்றீர்கள். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன் நான்.

அந்த ரூமைக் கட்டியபோது நடந்தது ரேவதிக்குத் தெரியாது. தென்மேற்குக் கன்னிமூலை உயரமாக இருந்தால்தான் வீட்டுக்கு ஆகும், பாரமெல்லாம் அங்கேதான் ஏற வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவளுக்கு வரன் தட்டிக்கொண்டே போன சமயம் அது. கொத்தனார் உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்: "அம்மணி, இந்த மூலைல கீழ பில்லர் இல்லீங்க. ரூம் வேணும்னா கட்டலாம். அதுக்கு மேல டேங்கு வேண்டாமுங்க." வாஸ்து தெரியாமல் பேசாதீங்க என்று அவர் வாயை அடைத்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். சரி, வெச்சுப்போடுங்க என்றீர்கள்.

இன்று காலை ரேவதி காபிக்குக் கீழே வந்திருந்தாள். வண்டி போனது. மேலே ஏதோ விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் தலையணை மேல் கையகலப் பூச்சு. அங்கேயே உட்கார்ந்து கொத்தனார் சொன்னதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க பாருங்க."

பூச்சு உதிர்ந்த இடத்தில், விரிசலுக்குக் குறுக்கே, பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாதம். தை, சித்திரை, ஆவணி, மறுபடி தை. உங்கள் கையெழுத்து. அளந்து அளந்து குறித்துவிட்டு, அதன்மேல் பட்டி பூசி மறைத்து, வார்த்தைகளை எழுதியிருக்கிறீர்கள்.

"அதுதான் அப்பா என்னைய இங்க ஒரு நாள்கூடப் படுக்க உடலையாம்மா? புஸ்தகம் கலைஞ்சு போகும்னாரே?" என்றாள்.

புத்தகப் பைத்தியம் பிடித்துப் பெண்டாட்டி பிள்ளையை விட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்கிறீர்கள் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். ஏனுங்க, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் டேங்கை இறக்க விடமாட்டேன் என்று பயந்தீர்களா? இல்லை, என் மேல் பழி வந்துவிடும் என்றா?

டேங்கைத் திறந்துவிட்டோம். தண்ணீர் முழுக்கத் தெருவில் ஓடிவிட்டது. ரேவதியின் கட்டிலை இரண்டு பேருமாகக் கீழே இறக்கிவிட்டோம். வார்த்தைகளை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள், கோடுகளையும் சேர்த்து. நாளைக்கு இன்ஜினியர் வருகிறார், இடிக்கத்தான் சொல்வார் போலிருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கொத்தனார் வேண்டாம் என்றதையும், நான்தான் ஏற்றச் சொன்னேன் என்பதையும் இன்ஜினியரிடம் என் வாயால் சொல்வேன். அந்த மூலைக்கு அடியில் இனி யாரும் படுக்க மாட்டார்கள். உங்கள் காவல் முடிந்தது, இறங்கி வாருங்கள்.

நீங்கள் மேலே படுத்திருந்த ஆறு வருஷமும் கீழே நிம்மதியாகத் தூங்கிய
உங்கள் வீட்டுக்காரி
சரசு