பெட்டிக்குள் வைத்த பால்

அம்மா,

எனக்கு இன்று காலை ஷிப்ட். இடியப்பம் மேசையில் இருக்கிறது. சொதியைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

விடிய எழும்பிப் பார்த்தபோது, நான் வளர்க்கக் கொண்டுவந்த பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் சில்வர் கிண்ணத்தில் பால் இருந்தது. நேற்று வெள்ளிக்கிழமை என்று வைத்திருக்கிறீர்கள். பாம்புக்குப் பால் செமிக்காது, அம்மா. கிண்ணத்தைக் கழுவி, அதிலேயே தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

மூடியின் கொளுக்கியை நீங்கள் மாட்டவில்லை. நல்லகாலம், அது வெளியே வரவில்லை. இடப்பக்கம் ஹீற்றருக்கு மேலே, மரப்பட்டைக்குள் சுருண்டு கிடந்தது. வலப்பக்கம் குளிராகத்தான் இருக்க வேண்டும், சூடு கூடினால் அது அங்கே போய்ப் படுக்கும். ஹீற்றரின் பிளக்கைக் கழற்றிவிடாதீங்கோ.

"பாம்பு இருக்கிற வீட்டில நான் படுக்கமாட்டன்" என்று நீங்கள் சொன்னதால், நாளைக்கு அதைப் பிக்கரிங்கில் இருக்கும் என் தோழி சுபாங்கிக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டேன். கோபத்தில் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைப்பக்கமே வராத நீங்கள், மூடியைத் திறந்து உள்ளே கை விட்டிருக்கிறீர்கள். அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேரே கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது இங்கேயே இருக்கட்டும் என்றால், சுபாங்கிக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கோ. நம்பர் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

ஆரணி

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் இன்னொன்று. கொடுக்கத்தானே போகிறேன் என்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. போன் எடுத்தீர்கள் என்றால், ஒரு பெயரையும் யோசித்து வையுங்கோ.