கூடப்பிறக்காத தங்கச்சி

2024 செப்டம்பர் 12

சூரிச்சிலிருந்து தீபன் வரும் விமானம் தாமதம். ஹீத்ரோவில் காத்திருந்த நேரத்தில் டொரொண்டோ மண்டபக்காரரை வழிக்குக் கொண்டுவந்தேன், மிருதங்கக்காரரின் விசாச் சிக்கலைத் தீர்த்தேன், தீபனின் தொண்டைக்கு வெந்நீர்ப் போத்தலும் தயார். உலகமெல்லாம் தமிழர் கேட்கும் குரல். அது எந்த ஊரில் எப்போது பாடவேண்டும் என்று தீர்மானிப்பது கிங்ஸ்பரியில் அம்மா பாலாம்பிகையோடு இருக்கும் நான், ஜதுர்ஷிகா. என் கார்டில் ‘உதவியாளர்’ என்று போட்டிருக்கிறது. போட்டிருக்கட்டும்.

குழுவில் எல்லாருக்கும் அவர் தீபன் அண்ணை. நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆட்கள் முன்னால் ‘சேர்’. ஆட்கள் இல்லாத இடத்தில், இரண்டு வருடமாக, வேறு. அவருக்கு மனைவி இருக்கிறார், மகள் இருக்கிறாள், ஸ்ட்ரெதமில் வீடு இருக்கிறது. தெரியாமலா? தெரிந்துதான். அத்தனை பேர் கையைப் பிடித்துக் குலுக்கும்போதும் அவர் கண் என்னைத்தான் தேடுகிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது. இருக்கக்கூடாதா?

செப்டம்பர் 29

காரில் வரும்போது தீபன் சொன்னார். “லண்டன் கச்சேரியில உம்மை மேடைக்குக் கூப்பிடுவன். நீர் எனக்கு ஆர் எண்டு சனத்துக்குச் சொல்லத்தான் வேணும்.”

நோர்த் சேர்க்குலர் சாலையில் திரும்பவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். நானா தவறவிடுகிற ஆள்?

அக்டோபர் 5

ஈலிங் ரோட்டில் சேலை எடுத்தேன். மயில்கழுத்து நிறம். “ஆற்ற கலியாணம் அக்கா?” என்று கேட்டாள் கடைப்பிள்ளை. சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 26

மண்டபம் நிறைந்து வழிந்தது. நிறைத்தது நான். ஒலிபெருக்கிக்காரரிலிருந்து வாசலில் வடை கொடுத்தவர்கள் வரை ஒரு இடத்திலும் பிழை இல்லை. அவர் பாட்டிலும் இல்லை.

கடைசியில் கூப்பிட்டார். என் பெயரை முழுதாகச் சொன்னார். படியேறும்போது தலை நிமிர்ந்திருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது —

“இந்தப் பிள்ளை இல்லாட்டி நான் இல்லை. என்ர கூடப்பிறக்காத தங்கச்சி.”

தங்கச்சி.

கைதட்டல். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி சந்திரவதனா எழுந்து வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அம்மா நாலாம் வரிசையில் கண்ணைத் துடைக்கிறார், சந்தோஷத்தில். நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். என்ன செய்யிறது? சபை பாக்குது. சிரிச்சன்.

அக்டோபர் 27

தொலைபேசியில் கேட்டேன். “உம்மைக் காப்பாத்தத்தானே அப்பிடிச் சொன்னனான். இனி ஒருத்தரும் கதைக்கமாட்டினம்” என்றார்.

நான் எப்போது காப்பாற்றச் சொன்னேன்?

நவம்பர் 10

அவர்களுடைய மகள் வாணி பெரியபிள்ளை ஆகிவிட்டாளாம். சந்திரவதனாவே அழைப்பு எடுத்தார். குரலில் தேன்.

“ஜது, பிள்ளைக்குத் தண்ணி வாக்கவேணும். முதல் சொம்பு மாமிதான் ஊத்தவேணும். அவருக்கு உடன்பிறந்த பொம்பிளைச் சகோதரம் ஒண்டும் இல்லை. சபையில அவரே சொல்லிப்போட்டார். தேப்பன்ர தங்கச்சி நீர்தானே. வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனி. சம்மதமோ?”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார். ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை, ஒரு சண்டை பிடிக்கவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். கெட்டிக்காரி. எனக்குக் கோபம் வரவேண்டும், மரியாதைதான் வருகிறது.

ஆனால் அந்தப் பிள்ளையின் தலையில் பொய்யை ஊற்ற என்னால் ஏலாது. அவள் என்ன பாவம் செய்தாள்?

நவம்பர் 16

ஸ்ட்ரெதம் போனேன். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசம். சந்திரவதனா குசினியில் பிள்ளைக்கு உழுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார். தீபன் அங்கேயே மேசை முன்னால் இருந்து அழைப்பிதழ் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஊத்தமாட்டன் அக்கா. நான் அவற்ற தங்கச்சி இல்லை.”

கரண்டி நிற்கவில்லை. “அப்ப ஆர் எண்டு அவரே சொல்லட்டும்.”

இருவரும் அவரைப் பார்த்தோம். நான் கும்பிட்ட கடவுளையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது, இந்தக் குசினிக்குள்ளாவது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு சொம்பு தண்ணிதானே ஜது. ஊத்திப்போட்டுப் போமன்.”

அவ்வளவுதான். வேலைத் தொலைபேசியையும் காரின் திறப்புக் கொத்தையும் மேசையில் வைத்தேன். “வேற ஆளைப் பாருங்கோ” என்றேன், வேலைக்கும் சொம்புக்கும் சேர்த்து. வாசல்வரை வந்தது சந்திரவதனா மட்டும். கதவை மெதுவாகச் சாத்தினார்.

ரயிலில் அழுதேன். கிங்ஸ்பரியில் இறங்குமுன் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

நவம்பர் 23

இன்று அங்கே தண்ணீர் வார்ப்பு. யார் ஊற்றினார்களோ. வாணி நன்றாக இருக்கட்டும்.

டிசம்பர் 8

மதியம் மணி அடித்தது. அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “பிள்ளை, அண்ணை வந்திருக்கிறார்.”

தீபன். ஸ்ட்ரெதமிலிருந்து கிங்ஸ்பரிக்கு, தானே கார் ஓட்டிக்கொண்டு. டொரொண்டோ கச்சேரி குழம்பிக் கிடக்கிறதாம், மண்டபக்காரர் என்னோடுதான் பேசுவேன் என்கிறாராம். (பேசுவார். நான் பழக்கிய ஆள்.) அம்மா நல்ல கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். எனக்குப் புத்தி சொன்னார்: “பெரிய மனுசன் வீடு தேடி வந்திருக்கிறார். போவன் பிள்ளை.”

அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சிக்கு என்னில கோவம் அம்மா.”

என்ர அம்மாவின்ர வீட்டுக்குள்ள. அதே சொல்.

“அம்மா, இவர் எனக்கு அண்ணை இல்லை. ரெண்டு வருஷம் நாங்கள் விரும்பியிருந்தனாங்கள். இப்ப நான் விட்டிட்டன்.”

தேத்தண்ணி அப்படியே இருந்தது. சப்பாத்தை ஒழுங்காகப் போடாமலே போனார். சபை நிறைந்த சனத்துக்கு அவரால் சொல்ல முடியாததை நான் ஒரு ஆளுக்குச் சொன்னேன். எனக்கு மிக நெருங்கிய ஆளுக்கு.

டிசம்பர் 9

அம்மா பேசவில்லை.

டிசம்பர் 17

இன்னும் இல்லை. புட்டும் கறியும் மேசையில் மூடி இருக்கிறது. சாப்பிட்டேனா என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறார், நான் பார்க்காத நேரம் பார்த்து.

2025 ஜனவரி 13

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நாடக அரங்கில் நிகழ்ச்சி மேலாளர் வேலை. இன்று முதல் நாள். நேர்முகத்தில் தீபனின் பெயரைச் சொல்லவில்லை. செய்த வேலையை மட்டும் சொன்னேன், அது போதுமாக இருந்தது.

காலையில் எழுந்தபோது என் சட்டையை அம்மா அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் மாட்டியபின் அதன் கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தார். வாசலில் நான் சப்பாத்துப் போடும்போதுதான் வாய் திறந்தார்.

“அங்க தமிழ் ஆக்களும் இருப்பினம்.”

“ஓம்.”

“நீ ஆற்ற ஆள் எண்டு கேப்பினம். பாலாம்பிகையின்ர மகள் எண்டு சொல்லு.”

“ஓம் அம்மா” என்றேன். பஸ் வந்துவிட்டது, ஓடினேன்.