சுண்டெலிக்கு ஒரு வருஷம்

ஆம்பூர், தை 1927

சௌபாக்கியவதி பூவம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் பையனும் அம்மாவும் சுகமாக இருக்க முனீஸ்வரன் துணை.

நேற்று தோல் மண்டியில், தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம்பட்டைக் குவியலுக்குள் கையை விட்டேன். ஒரு சுண்டெலி கைமேல் ஏறி ஓடியது. நான் துள்ளியதில் குவியலே சரிந்து என்மேல் விழுந்தது. அடி கொஞ்சந்தான், பயப்படாதே. சரிந்த பட்டைக்குக் கீழே அந்த எலியின் கூடு இருந்தது. தாயே என் சுண்டுவிரல் நீளந்தான். குட்டிகள் மயிரில்லாமல் மொச்சைக்கொட்டை போல் கிடந்தன.

பட்டை அறையைப் பார்க்கும் சத்தார் பாய், "வயக்காட்டு எலிப்பா. ஒரு வருஷம் பொழச்சா ஜாஸ்தி. சினையாகி மூணு வாரத்துல குட்டி போட்டுடும், அந்தக் குட்டியும் ரெண்டு மாசத்துல தாயாய்டும்" என்றார்.

நான் நெமிலியை விட்டு வந்தும் ஒரு வருஷம் ஆகிறது. அன்று இங்கே பிறந்த எலி பேரன் பேத்தி எடுத்துச் செத்தும் போயிருக்கும். நான் வந்தபின் பிறந்த என் மகனை இன்னும் பார்க்கவில்லை. பொங்கலுக்கும் மேஸ்திரி விடவில்லை.

கட்டுப் போடப் பழைய வேட்டித் துணி அனுப்பு. அதோடு பையனைத் தலை முதல் கால்வரை நூலால் அளந்து, அந்த நூலையும் வை. அளந்தால் பிள்ளை வளராது என்று அம்மா தடுத்தால், நாலு விரல் கூட்டியே வெட்டு. தபால் வந்து சேருவதற்குள் அவ்வளவு வளர்ந்துவிடுவான்.

வேலைக்குச் சங்கு ஊதுகிறது.

உன் ஏகாம்பரம்