உன் லென்ஸ், என் கேமரா

மச்சான்,

துடைத்து வைக்கலாம் என்று இன்று உன் லென்ஸின் மூடியைத் திறந்தேன். குப்பென்று பாக்கு வாசனை. போகிற கல்யாணத்திலெல்லாம் தாம்பூலப் பையை வாங்கிக் கேமரா பைக்குள் திணிப்பாயே, அந்த வாசனை. நீ போயும் அது போகவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நமக்குள் ஒத்துப்போகாத ஒரே விஷயம் கேமரா கம்பெனி. என்னுடையது பொம்மைக் கடை என்பாய். உன்னுடையது இரும்புக் கடை என்பேன். திருவேற்காட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு நான் படமெடுத்தேன், பெண் வீட்டுக்கு நீ. யாரோ ரோஸ்மில்க் தட்டை என் லென்ஸ்மேல் கவிழ்த்துவிட்டார்கள். உன்னிடம் இன்னொரு லென்ஸ் இருந்தும், உன் கம்பெனி லென்ஸ் என் கேமராவில் பொருந்தாது. இரண்டு வீட்டுக்கும் நீயே ஓடி ஓடி எடுத்தாய். அப்புறம் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "இன்னா மச்சான், உன் கம்பெனி ரோஸ்மில்க்குக்கே பட்த்துகிச்சே" என்றாய். அன்று உன்மேல் கோபத்தைவிடப் பிரியம்தான் அதிகம் வந்தது.

போன மாதம் உன் மகள் காவ்யா இந்த லென்ஸைக் கொண்டுவந்து தந்தாள். "என் கல்யாணத்துல தாலி கட்றது மட்டும் அப்பா லென்ஸ்ல எடு மாமா. அவரே பாத்த மாரி இருக்கும்" என்றாள்.

இப்போது அடாப்டர் என்று விரல் அகல வளையம் ஒன்று கிடைக்கிறது. அதை நடுவில் மாட்டினால் உன் லென்ஸ் என் புது மிரர்லெஸ் கேமராவில் சமர்த்தாக உட்காருகிறது. நம் சண்டையெல்லாம் இத்தனூண்டு வளையத்தில் முடிந்துவிட்டது, பார்.

பாரிவாக்கத்தில் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியது. உன் லென்ஸில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பக் காவ்யாவின் முகம் மங்கிக்கொண்டே போனது. எனக்கு வியர்த்துவிட்டது. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? அப்புறம்தான் உறைத்தது, உன் கம்பெனி லென்ஸ் எதிர்ப்பக்கம் திரும்பும். உன் பக்கமாகத் திருப்பினேன். முகம் பளிச்சென்று வந்தது. முடிச்சு விழும்போது அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை; நேராக உன் லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள். அழுதுகொண்டேதான் எடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நேற்று அம்பத்தூரில் ஒரு நலங்கு. என் சொந்த லென்ஸைத்தான் மாட்டியிருந்தேன். பழக்கத்தில் ஃபோகஸைக் கையாலேயே திருப்பப் போக, கை தானாக உன் பக்கம் திரும்பி, படம் மங்கிவிட்டது. பெண்ணின் அத்தையிடம் இன்னொரு தடவை சந்தனம் பூசச் சொன்னேன்.

"இன்னா ஆச்சு அண்ணாத்தே?" என்றார்.

"ஒன்னும் இல்லம்மா. இது என் மச்சான் கை" என்றேன்.